தனியாக ஏற அனுமதி இல்லை

அந்தப் பலகையை எழுதியவர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். ‘மலைப்பாதையில் தனியாக ஏற அனுமதி இல்லை. குறைந்தது இருவர்.’ சரி, யாரோ தவறி விழுந்தார்கள், விதி போட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? என் வீட்டுக்காரர் செத்து எட்டு மாதம் ஆகிறது.

அவர் கான்கிரீட் லாரி ஓட்டியவர். ஆறடி இரண்டு அங்குலம். எங்கள் குளியலறை நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்வார், தினமும் நிலையைத்தான் திட்டுவார். மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் இந்த மலையில் ஏறுவோம். பாதை நெடுக இடது பக்கம் கடல் கூடவே வரும். வலது பக்கம் பாறை, நடுவில் எங்கள் சண்டை. அவர் எட்டி எட்டிக் கால் வைப்பார். நான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு, “என்ன, ரயிலப் பிடிக்கவா போறீங்க?” என்று பின்னாலிருந்து கத்துவேன்.

அவர் போன பிறகு நான் ஏறவே இல்லை. எனக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் மருத்துவமனைகளிலிருந்து வரும் அளவுகளுக்கு பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி வாய் அச்சு எடுக்க வேண்டும். முப்பது நாற்பது வாய் என் மேசையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும், ஒன்றாவது ஒரு வார்த்தை பேசுமா? வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. ஒருநாள் டிவியில் செய்தி வாசிக்கிறவளிடம் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றேன். இது சரிப்படாது, மலைக்காவது போய் வருவோம் என்று அப்போதுதான் தோன்றியது.

போன மாதம் வந்தபோது காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். புது ஆள், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். “தனியா விடக்கூடாதுக்கா. அதோ, அவங்களோட சேர்ந்துக்கோங்க” என்று புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியைக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

அதனால்தான் இந்த ஞாயிறு பொய் சொன்னேன். காவலாளி எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, “வீட்டுக்காரர் முன்னாடி ஏறிட்டாரு தம்பி. நீங்க டீக்குப் போனப்பவே” என்றேன். பொய் சொல்வது போலவே இல்லை. அவர் என்றைக்கு எனக்காக நின்றிருக்கிறார்? காவலாளி நாக்கைக் கடித்துக்கொண்டு நோட்டில் ‘இருவர்’ என்று எழுதினார்.

ஏறினேன். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் பாதை ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகிவிடும், கீழே நேராகக் கடல். அங்கே மட்டும் அவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். இன்றைக்கு நான் தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே கடந்தேன். உடையெல்லாம் மண். யாரும் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கடல் வெயிலில் தகதகவென்று கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. போகிறது என்று நான் சொன்னால் நிற்கிறது என்பார் அவர். போகிறது என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். மறுத்துப் பேச ஆள் இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அழுதேன். அழுது முடித்தபோது கப்பல் இல்லை.

இறங்கி வரும்போது சொன்ன பொய் சுத்தமாக மறந்துபோயிருந்தது. வாசலைத் தாண்டப் போனேன், காவலாளி எழுந்து வந்தார்.

“சார் எங்கக்கா?”

“எந்த சார்?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாக நான் கறுவிக்கொண்டிருந்த ஆளிடம் போய்த் தலைகுனிவதா? “ஓ, அவரா? பின்னாடி வராரு” என்றேன்.

காவலாளி வாசலைவிட்டு நகரவில்லை, என்னையும் விடவில்லை. ஆறு மணிக்குப் பாதையை மூட வேண்டும். ஐந்தே முக்காலுக்கு அவர் முகம் வெளிறிவிட்டது. “தப்பு என்னோடதுதான்கா. நான் டீக்குப் போயிருக்கக் கூடாது. என்னைத் தாண்டி ஆள் போயிருக்காரு, எனக்கே தெரியல” என்று புலம்பியவர், டீக்கடைக்காரரையும் பஸ் டிரைவரையும் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். “ஆள் எப்படி இருப்பாருன்னு சொல்லுங்க.”

“நல்ல உயரம். சாம்பல் கலர் சட்டை. கொஞ்சம் கூன் போட்டு நடப்பாரு.” எல்லாம் கடகடவென்று வந்தது.

“பேரு? கூப்பிடணும்ல.”

எத்தனையோ படிவங்களில் எழுதிய பெயர், அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. நான் வீட்டில் கூப்பிடும் பெயர்தான் வந்தது. “நெட்டை” என்றேன்.

டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு பேரும் ஏறினார்கள். இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் மேலேயிருந்து சத்தம் வந்தது.

“நெட்டை சார்! நெட்டை சார்!”

எட்டு மாதத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை. இழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள், ஒருவராவது அவரைக் கூப்பிட்டார்களா? இரண்டாவது தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவை டீக்கடைக்காரரின் குரல் உடைந்தது. அது குறுகல் பாதை இருக்கும் பக்கம். காவலாளியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“தம்பி, அவங்களை வரச் சொல்லுங்க. மேல யாரும் இல்ல. நான் தனியாத்தான் வந்தேன். அவரு செத்து எட்டு மாசமாச்சு.”

காவலாளி கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னையே பார்த்தார். “அப்புறம் ஏன்கா இவ்வளவு நேரம் பேசாம நின்னீங்க?”

“அவரைக் கூப்பிட்டாங்களே. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்.”

அவர் விசிலை எடுத்து ஊதினார். காற்று மேலேயிருந்து எங்களை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது, விசில் அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று சத்தமில்லாமல் நின்றார்கள்.

நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.