பெயருக்கு ஓர் ஆடு

"அந்த வாயோட எனக்கு டீ கொண்டு வராதே!"

மாமியார் மாகோசா தட்டைத் தள்ளிவிட்ட வேகத்தில் தேநீர் பாயில் கொட்டியது. மருமகள் ஸிபுயிலே முந்தானைத் துணியால் அதை ஒற்றி எடுத்தாள். கை சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை. புருஷனின் சித்தப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். மூத்த நாத்தனார் பஜபுலிலே அம்மாவுக்குப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். புருஷன் பெக்கானி கைப்பேசியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி அவமானப்படும்போதெல்லாம் அவனுக்கு அதில் ஏதாவது தொலைந்துபோகும்.

விஷயம் இதுதான். ஸிபுயிலே செத்துப்போன மாமனாரின் பெயரைச் சொல்லிவிட்டாள். அதுவும் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த இடத்தில். மாமனார் பெயரோ, அதே ஒலியுள்ள சொல்லோ மருமகள் வாயில் வரக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

அவர் பெயர் லாங்கா. அவர்கள் மொழியில் லாங்கா என்றால் சூரியன். மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் சூரியனைக்கூட 'மேலே எரியுறது' என்றுதான் சொல்லி வந்தாள்.

ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு அவள்தான் தலைமை நர்ஸ். அதே இடத்தில் நாத்தனாரும் நர்ஸ், அவளுக்குக் கீழே. நாற்காலி ஸிபுயிலேயுடையது, அதிகாரம் நாத்தனாருடையது. "அண்ணி, முடிஞ்சா இதைக் கொஞ்சம் பார்க்கறீங்களா?" என்று ஸிபுயிலே அவளிடம் கெஞ்சித்தான் வேலை வாங்குவாள். எந்தப் பெயரில் மாமனார் ஒளிந்திருப்பாரோ என்று நோயாளிகளையும் நம்பர் சொல்லியே கூப்பிட்டாள். மேலதிகாரிகள் மெச்சினார்கள். எல்லோரையும் அனுசரித்துப் போகும் தலைமை என்றார்கள். மருமகள் பயத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் வேறு எங்கும் கிடைத்திருக்காது.

அந்த அனுசரிப்பின் பலனை அனுபவித்தவள் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். போன வாரம் வலியெடுத்து வந்தவளைப் பார்த்து, "படுக்கும்போது வலிக்கலையாக்கும்? போய்க் கடைசியில நில்லு" என்றாள் பஜபுலிலே. கர்ப்பிணிகள் அறை அவளுடைய கோட்டை. அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியேறி, வேன் நிற்கும் இடத்தில், வெறும் மண்ணில் பெற்றாள்.

இன்று காலை அவளுடைய அம்மா குழந்தையைப் பரிசோதனைக்குத் தூக்கி வந்தாள்.

"ரோட்டுல பொறந்ததுக்கு இங்க நம்பர் கிடையாது" என்றாள் பஜபுலிலே.

ஸிபுயிலே தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். வெளியே வந்து, "குழந்தைக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

"பொழுது எழும்பும்போது பொறந்தான் சிஸ்டர். லாங்கான்னு வச்சிருக்கோம்."

நம்பர் இல்லாத குழந்தை. வேறு எப்படிக் கூப்பிடுவது?

"லாங்கா! லாங்காவை முதல்ல உள்ள கொண்டாங்க. அண்ணி, நீங்க வெளிய வாங்க. நாளையிலேருந்து மருந்து கொடுக்கற இடத்துல இருங்க. இந்த அறை உங்களுக்கு வேண்டாம்."

காத்திருந்த கூட்டம் வாயைப் பிளந்தது. அவள் போட்ட உத்தரவுக்காக இல்லை, சொன்ன பெயருக்காக.

"என் புருஷன் மண்ணுக்குள்ள புரண்டு படுத்திருப்பாரு" என்று இப்போது வீட்டில் பொருமினாள் மாகோசா. "படிச்ச திமிரு! சம்பளத் திமிரு!"

"என்னை வெளிய போகச் சொன்னாம்மா, அத்தனை பேரு முன்னால" என்றாள் பஜபுலிலே. "எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு!"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "முடிவைச் சொல்றேன். பெரியவரு மனசு ஆற வெள்ளாடு ஒண்ணு கொண்டாரணும். பஜபுலிலேயைப் பழைய அறையிலேயே உட்கார வைக்கணும். அதோட விட்டுருவோம்."

"ஆடு தர்றேன் சித்தப்பா" என்றாள் ஸிபுயிலே. பெக்கானி நிம்மதியாக மூச்சு விட்டான். அவள் நிறுத்தவில்லை. "ஒரு பேரைச் சொன்னதுக்கு ஒரு ஆடு. வலியோட வந்த பிள்ளையைத் தெருவுல பெக்க விட்டதுக்கு எத்தனை ஆடு?"

பஜபுலிலே மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"அது ஆஸ்பத்திரி விஷயம்மா" என்று எரிந்து விழுந்தார் சித்தப்பா. "அதையெல்லாம் வீட்டுக்குள்ள இழுக்காதே."

"சரி, சித்தப்பா. அப்ப அறையும் ஆஸ்பத்திரி விஷயம்தான். அதையும் இங்க பேச வேண்டாம்."

வழக்கப்படி தலையைக் குனிந்தபடியேதான் சொன்னாள். குரல் மட்டும் குனியவில்லை.

"அண்ணி, காலையில மருந்து வாங்க நிறைய பேரு வருவாங்க. நேரத்தோட வந்துருங்க."

மாகோசா மகளைப் பார்த்தாள், மைத்துனரைப் பார்த்தாள். தள்ளிவிட்ட தட்டைத் தானே எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை ஆடு வந்தது. சித்தப்பா மாமனாரின் பெயரையும், அவர் அப்பன் பெயரையும், அவருக்கும் முந்திய அத்தனை பேரின் பெயரையும் ஒன்று விடாமல் உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சோளக் கள் பானை கை மாறியது. கறி நன்றாக வெந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

தெருவில் பெற்றாளே, அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.