தார்ன்விக் பிரபு வீட்டுச் சரிகை

வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் வருவதெல்லாம் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் இந்தக் குளிர்காலம் முழுக்க என் புகைக்குழாய் பற்றாமல் போகட்டும்.

பாத் நகரத்தில் கரடித்தலை விடுதி என்று ஒன்று. எஜமானர்கள் வெந்நீர் ஊற்றில் ஊறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்களுடைய ஆட்கள் அந்த விடுதிச் சமையலறையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எஜமான் பெயர்தான் ஆள் பெயர். கோட்டின் கழுத்திலும் கையிலும் தைத்திருக்கும் தங்கச் சரிகைப் பட்டைக்கு எங்கள் வாயில் ‘ஓரிஸ்’ என்று பெயர். வீட்டுக்கு வீடு அதன் நெசவு வேறு. அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள், பதவிப்படி நாற்காலி போடுவார்கள். டியூக்கின் வண்டிக்காரர் மேசையின் தலைப்பக்கத்தில். பிஷப்பின் சமையல்காரர் அவருக்கு அடுத்தாற்போல்.

ஒபதாயா பெல்லின் சாம்பல் கோட்டில் ஓர் இழை சரிகை இல்லை. அவன் எஜமானி பிரபுப் பட்டமில்லாத விதவை, காதும் கேட்காது. வீட்டில் அவன் பேசினால் கேட்க ஆளில்லை, விடுதியில் அவனைக் கூப்பிடப் பெயரில்லை. கரித்தொட்டிக்குப் பக்கத்தில் தட்டை மடியில் வைத்துத் தின்பான். ஒருநாள் பூனையைப் பார்த்து “நகரு” என்றான். தன் குரலே அவனுக்கு யாருடையதோ போல இருந்தது. ஒரே ஒரு தரம் யாராவது மேசைக்குக் கூப்பிட மாட்டார்களா என்பதுதான் அவன் ஏக்கம்.

சந்தையில் ஒரு கந்தல்காரியிடம் பழைய ஓரிஸ் துண்டு கிடைத்தது. முள்செடிக்குள் மீன் நீந்துகிற நெசவு. எந்த வீட்டுடையது என்று அவளுக்கும் தெரியாது. அதைத் தைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றான்.

கரண்டிச் சத்தம் அடங்கியது. எல்லாரும் சரிகையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு சரிகையைத் தெரியாது என்று சொல்வதைவிட அந்த ஆட்கள் பேசாமல் நாக்கையே அறுத்துக்கொள்வார்கள்.

வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். “அட, நம்ம தார்ன்விக் பிரபு வீட்டுப் பட்டை. ஏம்ப்பா தார்ன்விக்கு, அங்க என்ன கம்பம் மாதிரி நிக்கிற? வந்து உக்காரு.”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் பிஷப்பின் சமையல்காரர். “டியூக்கு முந்திக்கிட்டாரு. உங்க பிரபுவுக்குக் கால்வீக்கம் எப்படி இருக்கு?”

ஒபதாயா தலையை மட்டும் ஆட்டினான். அவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. நாளுக்கு நாள் பிரபுவுக்கு ஒரு கோட்டை முளைத்தது, அயர்லாந்தில் ஒரு தங்கை பிறந்தாள், கடிக்கிற குதிரை ஒன்று வாய்த்தது. “அந்தக் குதிரை என்னையே கடிச்சிருக்கு,” என்று வண்டிக்காரர் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். ஒபதாயாவுக்கு ஆட்டிறைச்சி சூடாகக் கிடைத்தது. “உப்ப இப்படித் தள்ளு, தார்ன்விக்கு,” என்று யாராவது சொன்னால் அன்றைக்கு இரவு அதையே நினைத்துக்கொண்டு படுப்பான்.

தழும்பைப் பார்த்ததிலிருந்து சமையல்காரருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“டியூக்கு, உங்களுக்குச் சேதியே வரலியா? தார்ன்விக் பிரபு போயிட்டாரு. எங்க பிஷப்புதான் கடைசி ஜெபம் பண்ணாரு.”

“தெரியும். ஆளு சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்,” என்றார் வண்டிக்காரர்.

ஒபதாயா அழுதான். அத்தனை நாளில் அவனை ஒரு பெயரோடு உட்காரவைத்த மனிதர் அந்தப் பிரபு ஒருவர்தான். எல்லாரும் வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எஜமான் செத்தால் சரிகையைப் பிரித்தாக வேண்டும், அதுதான் வழக்கம். வண்டிக்காரர் சின்னக் கத்தியால் தையலை ஒவ்வொன்றாக, வலிக்குமோ என்பதுபோல அறுத்தார்.

“மனச விட்டுடாதப்பா…” என்று ஆரம்பித்தார். கூப்பிட ஒரு பெயருக்காகக் கழுத்தைப் பார்த்தார். அங்கே தையல் ஓட்டைகள்தான் இருந்தன. கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஒபதாயா தட்டை எடுத்துக்கொண்டு கரித்தொட்டிக்குப் போனான். அங்கே பூனை படுத்திருந்தது. இந்தத் தடவை நகரச் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எனக்குச் சொன்னவர் தார்ன்விக் பிரபு. போன வாரம், அவருடைய கோட்டையில், வீங்கின காலை முக்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு.