மாலையம்மாளிடம் மன்னிப்பு

நல்லகாமனின் பங்காளிகளில் எந்த வீட்டிலும் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் அவள் மாலையம்மாள்தான். கோச்சடையில் தடுக்கி விழுந்தால் ஒரு மாலையம்மாள் மேல்தான் விழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் மாலினி, மாலா என்று ஒப்பேற்றிக்கொள்வார்கள். சாமி முன்னால் அந்தச் சால்ஜாப்பு செல்லாது.

நல்லகாமனின் மருமகள் சரண்யாதேவிக்குத் தன் தலைப்பிள்ளைக்கு அந்தப் பேர் வைப்பது பிடிக்காமல் இல்லை. கிணற்றில் தவறி விழுந்த மாலையம்மாள் என்ற கன்னிப்பெண்தான் குலசாமி ஆனாள் என்று சொல்லியிருந்தார்கள். பேர் வைக்கிற அன்று, டி. கல்லுப்பட்டிப் பக்கம் கோயிலுக்குப் போகிற வேனில்தான் நாத்தனார் உண்மையைச் சொன்னாள். நாத்தனாரும் ஒரு மாலையம்மாள். சாமியானவள் தவறி விழவில்லை. வேறு சாதிப் பையனை விரும்பியதற்காகக் கூடப்பிறந்த அண்ணனே தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. பயந்துபோய்ப் பெண்பிள்ளைகளுக்கு அவள் பேரை வைத்து, அந்தப் பிள்ளைகளின் காதில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளை அழாமல் இருந்தால் மன்னித்துவிட்டாளாம். வயிறு முட்டப் பால் கொடுத்துத் தூக்கி வரச் சொன்னது அதற்குத்தான்.

"எங்கிட்டயும் கேட்டாக. நானும் தூங்கிட்டேனாம்," என்றாள் நாத்தனார். "அப்பறம் நான் ஒருத்தனக் கட்டுறேன்னப்ப, இதே அப்பாதான் கெணத்தக் காட்டி மெரட்டுனாரு."

தன் பிள்ளையின் வாயடைத்து வாங்கும் மன்னிப்பு அது. சரண்யாதேவி பால் கொடுக்கவில்லை.

கோயிலில் மாமனார் நல்லகாமன் பிள்ளையின் காதருகே குனிந்து, "தாயி மாலையம்மா, எங்கள மன்னிச்சிரு" என்றதும் பிள்ளை வீறிட்டது. கூட்டம் அரண்டுபோனது. பால் கொடு என்று புருஷன் சூரியபிரகாஷ் அதட்டினான். பெற்ற மனம் பித்து. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஆனாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்ன செஞ்சீகன்னு சொல்லாம மன்னிப்பு மட்டும் கேக்குறீக மாமா. சொல்லுங்க. அப்பறம் குடுக்குறேன்."

அவர் மகனைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பிள்ளை மூச்சுப் பிடித்து அழுதது.

"என்னையப் பெத்த அய்யாதான் தள்ளுனாரு," என்றார் கடைசியில். "அத்தை படியப் பிடிச்சு மேல ஏறி வந்துச்சு. திரும்பவும் தள்ளுனாரு. நான் சின்னப்பய, பக்கத்துல நின்னேன்."

சரண்யாதேவி அழுதுகொண்டே பிள்ளையை மார்பில் போட்டாள். பிள்ளை உடனே அடங்கிப் பால் குடித்தது. மன்னிப்புக் கேட்க வாகான நேரம். மாமனார் கேட்கவில்லை.