பிறையும் தேதியும் சேர்ந்த நாள்

"நாய் மோந்துட்டு லாத்தா."

தங்கை நஃபீஸத் நீட்டிய தட்டை மஹ்மூதா பீவி எட்டிப் பார்த்தாள். பாத்திஹா ஓதக் கொண்டுவந்த சீனியில் ஈர மூக்கின் தடம் அப்படியே பதிந்திருந்தது. வெடிகுண்டு தேடும் போலீஸ் நாய் அதற்குள் அடுத்த வரிசை நாற்காலிகளுக்குப் போய்விட்டது.

"அங்கன எறும்புக்குக் கொட்டிரு. ஓத வாய் இருக்குல்லா."

"வாய் இருக்கு. விடணுமே அவனுவ."

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நினைவுத் தூண் புது வெள்ளையில் பளபளத்தது. வெள்ளைக்காரன் ஜெயிலில் செத்துப்போன அவர்களுடைய பாட்டனார் பெயர் அதில் இருக்கிறது. மையத்து உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. ஜெயிலுக்குள்ளேயே எங்கோ புதைத்துவிட்டார்கள். சேரன்மகாதேவி ரோட்டோரம் நிற்கும் இந்தக் கல்தான் மிச்சம். அரசாங்கம் அவர் செத்த இங்கிலீஷ் தேதிக்கு மாலை போடும். வீட்டார் பிறைக் கணக்குக்கு வந்து ஓதுவார்கள். அன்றைக்கு மேய்கிற ஆடுகளைத் தவிர ஒரு குஞ்சு இருக்காது.

இந்த வருஷம் பிறையும் தேதியும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்பு அப்படிச் சேர்ந்தபோது வாப்பா உயிரோடு இருந்தார். "அடுத்த மட்டம் சேரும்போது நான் இருக்க மாட்டேன். நீ இருப்பே, விட்றாதே" என்று மூத்த மகளிடம் சொல்லியிருந்தார். அதற்கடுத்த மட்டத்துக்கு மஹ்மூதா இருக்கப்போவதில்லை. அவள் முழங்காலே அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

வருவாய் ஆய்வாளர் பாக்கியசீலன் வேர்த்து வழிய வந்தார். "யம்மா, மந்திரி மாலை போடாம யாரும் கிட்டப் போவக் கூடாது. மேலிடத்து உத்தரவு. இந்தா வந்துருவாரு."

"காலையிலேருந்து இந்தா இந்தாங்கீயளே தம்பி. எங்களுக்கு மஃரிப் பாங்கோட நாள் முடிஞ்சிரும். பொழுது அடைஞ்சா மறுநாள் கணக்கு."

"ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இன்னைக்குத்தானம்மா!"

"ஒங்க மந்திரிக்கு இன்னைக்கு. எங்க பாட்டனாருக்கு இல்லயே."

அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே நழுவினார்.

"இங்கன உக்காந்தே ஓதிருவமா?" என்றாள் நஃபீஸத்.

"இங்கன ஓத வீட்லயே ஓதலாமே. அவருக்குக் கபுருக்குழி கெடையாதுளா. கைய வைக்க அந்தக் கல்லு மட்டுந்தான்."

"மந்திரி எங்கன இருக்காராம்?"

முன்வரிசைக் கட்சிக்காரர் திரும்பாமலே பதில் சொன்னார்: "தச்சநல்லூர்ல கல்யாண வீடு. இப்பத்தான் எலையில உக்காந்திருக்காவ."

"நல்லாத் திங்கட்டும்" என்றாள் மஹ்மூதா. "எங்காளு பட்டினி கெடந்துதான் செத்தாரு."

வயல்களுக்கு அப்பால் வெயில் சிவந்து இறங்கியது. ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்தினான். அந்த அமைதியில் பள்ளிவாசல் பாங்கு தெளிவாகக் கேட்டது. நஃபீஸத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அக்காளின் கையைப் பிடித்தாள்.

அதன் பிறகுதான் சைரன். மந்திரி இறங்கினார், மாலை போட்டார். படம் சரியாக விழவில்லையென்று போட்ட மாலையைக் கழற்றி மறுபடியும் போட்டார். மௌன அஞ்சலியின்போது யாருடைய போனோ கல்யாணப் பாட்டு பாடியது. "தியாகிகளின் குடும்பங்களை இந்த அரசு ஒருநாளும் மறக்காது" என்று முழங்கிவிட்டு, கீழே வந்து மஹ்மூதாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கேமராவைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏதாவது கோரிக்கை இருக்காம்மா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுய்யா. மஃரிப்போட முடிஞ்சிட்டு."

மந்திரிக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பாக்கியசீலனைப் பார்த்தார். பாக்கியசீலன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"கோரிக்கை ஒண்ணும் இல்லங்காவய்யா."

"சந்தோஷம்" என்று கும்பிட்டுவிட்டுக் காரேறினார் மந்திரி.

கம்பித் தடுப்பைப் போலீஸ்காரர்கள் அவிழ்த்தார்கள். "இப்பம் போங்கம்மா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க" என்றார் பாக்கியசீலன்.

மஹ்மூதா பீவி பொன்னாடையை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"ஏளா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நட போவம்."