சந்தனம் பூசிய கொக்கி

தண்ணீரில் ஓடுகிற எந்திரத்தை வருஷத்துக்கு ஒரு மாதமாவது மூடிப் போட வேண்டும். சும்மா மூடினால் போதாது. தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்து, காய வைத்து, ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். தண்ணீருக்குள் நிற்கிற மரம் புட்டு மாதிரி உதிரும். இரும்பும் அப்படித்தான், வெளியே மினுக்கிக்கொண்டு உள்ளே இற்றுப்போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லி எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நான் என்ன லட்சணத்தில் நடந்துகொண்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபத்தொன்றாம் வருஷம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், காவேரிப் பக்கமாக, மரவாடி முதலாளி பெரியண்ணன் ஒரு படகுச் சறுக்கு போட்டிருந்தார். மூன்றாள் உயரத்துக்கு மரச்சரிவு. எட்டுப் பேர் உட்காருகிற படகை டீசல் எஞ்சின் இரும்புக் கயிற்றால் மேலே இழுக்கும். உச்சியில் கொக்கி கழன்றுகொள்ளும்; படகு மறுபக்கம் சறுக்கித் தொட்டித் தண்ணீரில் தொப்பென்று விழும்; துடுப்புப் போட்டு அதைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். விழுந்து நனைந்தவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி டிக்கெட் வாங்க வருவார்கள். டிக்கெட் கொடுப்பது நான், வேலம்மாள். எஞ்சின் ஓட்டுவது தைரியராஜ். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் வந்து சறுக்கைப் பார்த்துக்கொள்வார். அவர் பெயரை நான் சொல்வதில்லை; முதலாளி கூப்பிடும்போது நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் கயிற்றின் கொக்கியில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். அதைக் கழற்றி வைத்துவிட்டு, மாற்றாக வைத்திருந்த இன்னொரு கொக்கியை மாட்டினார். நேரே முதலாளியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மொதலாளி, கொக்கியில கீறல் விட்டிருக்கு. ஒரு எடத்துல விட்டா மத்த எடத்துலயும் விட்டிருக்கும். தண்ணிய எறச்சுட்டு ஒரு மாசம் மூடணும்."

"தீபாவளிக் கூட்டம் வர்ற நேரத்துல மூடச் சொல்றியே ராசப்பா, உனக்கு மண்டை கழண்டு போச்சா?"

"இப்ப மூடலேன்னா அந்தக் கூட்டத்துலதான் யாராவது சாவாங்க."

பெரியண்ணன் பளாரென்று அறைந்தார். நல்ல நாளும் அதுவுமாகச் சாவு என்று சொல்லலாமா என்று கத்தினார். என் வீட்டுக்காரர் உதட்டு ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. தொட்டியோரம் கிடந்த சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி தன் மண்டைக்குத்தான் வருகிறது என்று நினைத்துக் கையைத் தூக்கினார். சம்மட்டி சறுக்கின் படிக்கட்டுக் கைப்பிடியில் விழுந்தது. ஒரே அடியில் அது இரண்டாகப் பிளந்தது. மேலே பச்சைப் பெயின்ட், உள்ளே கறுத்து நசநசவென்று ஊறிப்போன மரம். அதில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, முதலாளியின் வெள்ளைச் சட்டையில் அப்பினார்.

"இதப் புடிச்சுக்கிட்டுத்தான் புள்ளகுட்டியோட ஏறுறாங்க."

எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. பெரியண்ணன் சட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி. ஆயுத பூசையோட மூடிக்க," என்றார்.

கீறல் விட்ட கொக்கியை அன்றைக்கே ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் உலையில் காய்ச்சி அடித்தால் சரியாகிவிடும் என்று இவர் பத்திரப்படுத்தினார். பொன்மலையில் பழுதான வண்டிமேல் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். குறி இருக்கிறவரை எந்தக் கொம்பனும் அந்த வண்டியைத் தொட மாட்டான். அதே வழக்கத்தில் அந்தக் கொக்கிமேலும் ஒரு குறி போட்டு, முதலாளி காதிலும் போட்டுவிட்டு, "குறி போட்டதத் தொடாத," என்று தைரியராஜிடம் சொல்லி வைத்தார். அவனும் கோயில் சாமானைப் பார்க்கிற மாதிரி அதை ஒதுங்கியே பார்த்தான்.

ஆயுத பூசையன்று காலையில் கடைசி ஓட்டம் முடிந்தது. சறுக்கின் சாமான்களை எல்லாம் கழற்றிக் கொண்டுவந்து பலகையில் போட்டார்கள். ஸ்பானர், சம்மட்டி, எண்ணெய்க் குவளை, இரண்டு கொக்கி. கழுவிப் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. எனக்கு ஒரு வியாதி உண்டு, எதைக் கழுவினாலும் முகம் தெரிகிற மாதிரி கழுவ வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குறி போட்ட கொக்கி கையில் வந்தபோது தெரியாமல் இல்லை, தெரிந்தது. குறியோடு எப்படிப் பூசையில் வைப்பது, மூளியாக இருக்கிறதே என்று நினைத்தேன். எப்படியும் ஒரு மாதம் மூடப்போகிறார்கள், எது பழுது என்று அவருக்குத் தெரியாதா, நாளைக்கு வந்து மறுபடி போட்டுக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன். துடைத்துவிட்டேன். இரண்டு கொக்கிக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தனம் கீறலுக்குள் போய் நன்றாக அடைத்துக்கொண்டது. பார்க்க லட்சணமாக இருந்தது. அன்று சாயங்காலம் இவருக்கு ஒர்க்‌ஷாப்பில் பூசை; இந்தப் பக்கமே வரவில்லை. நான் சுண்டலை அள்ளிக்கொண்டு எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குப் போய்விட்டேன். குறியைத் துடைத்ததை அவரிடம் சொல்ல மறந்தேன்.

மறுநாள் விஜயதசமி. இவருக்கு மத்தியான ஷிப்ட். காலையில் தண்ணீர் இறைக்க ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் டீசல் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் பெடலை மிதித்த வேகத்தில் நான் விழப்பார்த்தேன்.

நடந்தது இதுதான். விஜயதசமியன்று எந்திரத்தை ஒரு சுற்றாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் முழுக்க அது படுத்தேதான் கிடக்கும் என்று பெரியண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டு ஆட்களை மட்டும் ஏற்றி ஒரே ஒரு சுற்று, அப்புறம் மூடிவிடலாம் என்று தம்பி குடும்பத்தைப் படகில் உட்கார வைத்துவிட்டார். முன்வரிசையில் தம்பி பெண்டாட்டி மயிலம்மாள், புதுப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போனபோது படகு சரிவில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. இவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் தைரியராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எந்தக் கொக்கிடா மாட்டின?"

"குறி இல்லாததத்தாண்ணே மாட்டினேன். ரெண்டுலயும் குறி இல்லியே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் நகக்கண்ணில் முந்தின நாள் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது. ஒரு பார்வைதான், எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "மெதுவா எறக்குடா," என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, மேலே சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கொக்கி ஒடிந்ததும் கயிறு துள்ளி வந்து தைரியராஜை முகத்தில் அடித்தது. கன்னம் காதுவரை கிழிந்து பல் வெளியே தெரிந்தது. அவன் சத்தமே போடாமல் மல்லாந்து விழுந்தான். படகு வந்த வழியே பின்பக்கமாகப் பாய்ந்து, கீழ் மேடையில் மோதிச் சிதறியது. பலகைகளோடு மனிதர்களும் பறந்தார்கள். மயிலம்மாள் மேடைத் தூணில் தலை மோதி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது என் கை அவள் கூந்தலுக்குள் சூடாக எங்கோ இறங்கியது. கண் திறந்தே இருந்தது, உயிர் இல்லை. இரண்டு பேருக்குக் கால் முறிந்து எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. தொட்டித் தண்ணீரில் துளி அலைகூட இல்லை.

அழுகைக்கு நடுவில் பெரியண்ணன் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"குறி போட்டிருக்கேன்னு சொன்னியே. எங்கடா குறி? என் கண்ணால பார்த்துட்டுத்தாண்டா மாட்டச் சொன்னேன். எங்கடா அது?"

மயிலம்மாளின் புருஷன் பிச்சைமுத்து, உடைந்த படகின் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முதல் அடி என் வீட்டுக்காரர் தோளில் விழுந்தது. இரண்டாவது காதில். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. உறவுக்காரர்கள் இரண்டு பேர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று. நான்கு. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். நான்தான் அழித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் காலை மிதித்தவனைக்கூட ஸ்ரீரங்கம் போய்ச் சேருகிறவரை திட்டித் தீர்க்கிறவள் நான். ஐந்தாவது அடியில் அவர் முட்டி போட்டு விழுந்தார். ஆறாவது அடி முதுகில். ஏழாவது வாயில் விழுந்து பல் தெறித்தது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"அவர அடிக்காதீங்க. குறிய அழிச்சது நான். பூசைக்குக் கழுவறப்ப நான்தான் தொடச்சேன்."

பிச்சைமுத்து துடுப்போடு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என்னைக் கொன்றிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழே கிடந்த என் வீட்டுக்காரர் பிச்சைமுத்துவின் காலைக் கட்டிக்கொண்டார்.

"அவ பொய் சொல்றா. குறி போட்டேன்னு சும்மா சொன்னேன். போடவே இல்ல. மறந்துட்டேன்."

எட்டாவது அடி அவர் வலது முட்டியில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு துடுப்புதான் ஒடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த மூன்று நாளும் என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார். அந்தக் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறி போட மறந்தது தன் குற்றம் என்று எழுதிக் கொடுத்தால் ஜெயில், ஒர்க்‌ஷாப் வேலையும் போய்விடும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இன்ஸ்பெக்டர் கேட்டதும், வீங்கிய வாயால், "நான்தான் மறந்துட்டேன் சார்," என்றார்.

நான் குறுக்கே புகுந்து, "இல்லீங்க ஐயா," என்றேன்.

"நீ சும்மா இரு," என்றார் என் வீட்டுக்காரர். "சும்மா இருக்கத்தான் உனக்கு நல்லா வருதே."

ஆனால் இந்தத் தடவை நான் விடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். புளி, சாம்பல், சந்தனம், தைரியராஜ் சொன்ன பதில், ஏழு அடி, ஒன்று விடாமல். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அடிக்க ஆரம்பிச்சப்பவே சொல்ல வேண்டியதுதானேம்மா. ஏழு அடி விழற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"பயந்துட்டேங்க. அடி என்மேல விழாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. இவரு செத்தாலும் சரின்னு இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதையும் எழுதிக்குங்க சார்," என்றார்.