கதவு நிலையில் ஒரு கோடு

அந்தப் பட்டறையில் ஏணி கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை, தேவைப்படவில்லை. மகள் இருந்தாள். டியூப்லைட் கண் சிமிட்டினாலும் சரி, மேல்தட்டில் கிடக்கும் பெல்ட்டை எடுக்க வேண்டியிருந்தாலும் சரி, கூரை மூலையில் குளவி கூடு கட்டினாலும் சரி, அப்பா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "கொக்கு எங்க? வரச் சொல்லு." அவள் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து, காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, முடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லாததால் அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோரும் குட்டை. அப்பா குட்டை, அம்மா அவரைவிடக் குட்டை, அண்ணன் இருவருக்கும் நடுவில். இவள் மட்டும் யாரைக் கேட்டு வளர்ந்தாளோ, ஆறடியைத் தாண்டிவிட்டாள். சின்ன வயதில் அப்பா இரண்டு பிள்ளைகளையும் பட்டறைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவார். இவள் கோடு அவருடைய காதை எட்டிய வருடம் அவசரமாக இழுத்துவிட்டுப் போனார். தலையைத் தாண்டிய வருடம் பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு, "போதும், இதுக்கு மேல அளந்து என்ன ஆகப் போகுது" என்றார். அதோடு இவளை அளப்பது நின்றுபோனது. அண்ணனுக்கு மட்டும் மீசை முளைத்த பிறகும் கோடு போட்டார், பாவம், அது ஒரே இடத்தில் நின்றது.

அவர்கள் தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கிப் புதுப்பிப்பதுதான் பட்டறையின் வேலை. எஞ்சின் அப்பா, இருக்கை தைப்பது அம்மா, ஓட்டிப் பார்ப்பது அண்ணன், தகடு வெட்டுவதும் பற்றவைப்பதும் இவள். எத்தனையோ கார்கள் இவள் கைபட்டு வெளியே போயிருக்கின்றன. ஒன்றில்கூட இவளால் உட்கார முடிந்ததில்லை. கால் நுழைந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும், முட்டியை மடக்கினால் கதவைச் சாத்த முடியாது. வருடா வருடம் மலைச் சாலையில் பந்தயம் நடக்கும். அண்ணன் ஓட்டுவான், இவள் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சாலையில் ஒரு முறையாவது தானும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அதை வாய்விட்டுச் சொன்ன ஒரு நாள் அண்ணன், "கொக்கு ஓட்டணும்னா கூரையில கழுத்துக்கு ஒரு ஓட்டை போடணும்" என்றான். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் அப்பா, புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். மற்ற கார்களே சிறிசு, இது அவற்றின் குட்டி மாதிரி இருந்தது.

"இதை உனக்குச் சரியா வர்ற மாதிரி மாத்து" என்றார்.

"எனக்கா?"

"இந்த நீளத்துல வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

"எதுக்குப்பா?"

"மலைப் பந்தயத்துல அண்ணன் ஒரு வண்டி ஓட்டட்டும், நீ ஒண்ணு ஓட்டு. உட்கார முடிஞ்சா ஓட்டு, யாரு வேண்டாங்கிறா?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பா வேடிக்கை பண்ணுகிறார், பின்னாலிருந்து அண்ணன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பட்டறையைத் திறக்கும்போதுதான் கதவு நிலையைக் கவனித்தாள். பழைய கோடுகளுக்கெல்லாம் வெகு மேலே புதிதாக ஒரு பென்சில் கோடு. செருப்பைக் கழற்றிவிட்டு நிலையில் முதுகைச் சாய்த்து உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்தாள். கை சரியாகக் கோட்டில் போய் நின்றது. தன்னை நிறுத்திவைக்காமல், கண்ணாலேயே அளந்து அப்பா போட்டிருக்கிறார் என்று நினைத்தாள். இத்தனை வருடம் கழித்து. அவளுக்கு அழுகை வந்தது, வாஷ்பேசினில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

அந்த வேலையை அவள் வேலையாகவே செய்யவில்லை. இருக்கைக்கு அடியில் அது நகர்வதற்காக இருந்த தண்டவாளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மெல்லிய இருக்கை ஒன்றைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினாள். தலைக்கு மேல் நாலு விரல் இடம் வந்தது. பெரிய ஸ்டியரிங்கைக் கழற்றிச் சின்னதாக ஒன்றை மாட்டி, அதன் தண்டைத் தூக்கிக் கொடுத்தாள். பிரச்சினை கால்தான். அவள் உயரமெல்லாம் காலில்தான் இருந்தது. எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலிருந்த தகட்டை வெட்டி, குழிவாக ஒரு பெட்டி செய்து பற்றவைத்து, பெடல்களை ஒரு சாண் முன்னால் தள்ளினாள். பிரேக் குழாயை வளைத்து வழிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்து, இறங்கி, மறுபடி ஏறுவாள். அப்பா தூரத்தில் நின்று, "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "முட்டி கொஞ்சம் இடிக்குதுப்பா." "அப்ப சரி பண்ணு. இடிக்கவே கூடாது." அவர் தன்னை இத்தனை தடவை விசாரித்ததே கிடையாது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா இருக்கைத் துணி தைக்க உட்கார்ந்தபோது, இவள் பச்சை வேண்டும் என்று கேட்டாள்.

"பழுப்புத்தான் நல்லா இருக்கும்" என்றாள் அம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்குப் பச்சைதான்மா பிடிக்கும்."

"அழுக்குத் தெரியாது. பேசாம இரு."

பழுப்பானால் என்ன என்று விட்டுவிட்டாள்.

முடிந்த அன்று உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சாத்திக்கொண்டது. முட்டி எதிலும் படவில்லை, தலை எதிலும் முட்டவில்லை, பாதம் பெடலில் படிந்து நின்றது. கட்டில், பஸ், வாசற்படி, பள்ளி பெஞ்சு, எங்கே போனாலும் உடம்பைச் சுருக்கியே பழகியவள் அவள். சுருக்கிக்கொள்ளாமல் இருக்க உலகத்தில் ஓர் இடம் அன்றுதான் கிடைத்தது. கொஞ்ச நேரம் எஞ்சினைக்கூடப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வந்துடுச்சா?" என்றார் அப்பா.

"வந்துடுச்சுப்பா."

"நல்லது. இறங்கு, துடைச்சு வை. நாளைக்கு டாக்டர் வர்றாரு."

டாக்டர் என்றால் பல் டாக்டர். பந்தயக் குழுவின் தலைவர். அவர் வைத்ததுதான் அங்கே சட்டம், அவர் அணியில் இடம் பிடிக்க அண்ணன் நாலைந்து வருடமாக அவர் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். தன் வண்டியைச் சோதித்து அனுமதி கொடுக்க வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் டாக்டர் பட்டறை வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தார். அந்த வாசலில் தன்னைத் தவிர இன்னொருவர் குனிந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்க வண்டி ரெடி, டாக்டர். நீங்க ஒரு தடவைகூட வந்து உட்கார வேண்டியதில்லைன்னு சொன்னேன்ல? அன்னைக்கு நிலையில கோடு போட்டுப் பார்த்தோமே, அச்சு அசல் உங்க உயரம் இவ. இவளை உட்கார வெச்சே எல்லாத்தையும் முடிச்சுட்டேன்."

அவள் கதவு நிலையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது எனக்குன்னு சொன்னீங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "அப்படிச் சொல்லலைன்னா நீ இவ்வளவு பார்த்துப் பார்த்து செஞ்சிருப்பியா? யாரோ ஒருத்தருக்குன்னா ஏனோதானோன்னுதான் செஞ்சிருப்ப." டாக்டர் பக்கம் திரும்பி, "வேலை வாங்கத் தெரியணும் சார்" என்றார். டாக்டர் சிரித்தார். அண்ணன் அதைவிடப் பலமாகச் சிரித்தான். அணியில் அவனுக்கு இடம் அந்த வண்டியோடு பேசி முடிந்திருந்தது என்பது அவன் சிரிப்பிலேயே தெரிந்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், பழுப்புத் துணியில் இல்லாத நூல் பிசிறைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. துணியின் நிறம்வரை டாக்டர் சொல்லி அனுப்பியதுதான்.

டாக்டர் காரில் ஏறினார். முதலில் காலை விட்டார், பிறகு இடுப்பு, பிறகு உடம்பு. அதற்கு மேல் போகவில்லை. தலை கூரையில் முட்டி, தாடை நெஞ்சில் பதிந்து, எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவரைப் போல உட்கார்ந்திருந்தார். பாதமோ பெடலுக்கு ஒரு விரல் தள்ளி அந்தரத்தில் துழாவியது.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. குட்டையானவர்களுக்கு நெட்டையானவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். நிற்க வைத்துக் கோடு போட்டவருக்கு, உட்கார வைத்தால் உயரம் வேறாகும் என்று தோன்றவேயில்லை. இவளுக்கு உயரம் காலில், டாக்டருக்கு முதுகில். நின்றால் இருவரும் ஒரே கோடு, உட்கார்ந்தால் அவர் ஒரு தலை கூடுதல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் பார்க்கவில்லை. இத்தனை வருடம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் கேட்ட சிரிப்பெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்தது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் காது சிவந்தது.

"நிறுத்துடி. வேணும்னே செஞ்சிருக்கா, டாக்டர், இவ."

டாக்டர் ஒருவழியாக வெளியே வந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். அவளைப் பார்த்து, "இவ்வளவும் நீங்களே பண்ணதா?" என்றார்.

"ஆமா."

"உங்களுக்குன்னு நினைச்சா?"

"ஆமா."

ஒரு நிமிடம் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல வேலை. அப்ப என்னை உட்கார வெச்சு அளவெடுத்து மாத்திடுங்க. பந்தயத்துக்கு முன்னால வேணும்."

"அறுத்துட்டு மறுபடி பண்ணு" என்றார் அப்பா.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, பெடல் பெட்டியின் வெல்டிங் தையலுக்கு மேல் கோணலாக வைத்தான். அவன் கையில் எதுவும் நேராக வெட்டுப்பட்டதில்லை. அந்தத் தகட்டை அவன் கடித்துக் குதறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகவில்லை. கட்டரைப் பிடுங்கித் தானே அறுத்தாள். தான் பற்றவைத்த ஒவ்வொரு தையலையும் தானே திறந்தாள். பெடல்களைப் பின்னுக்கு இழுத்தாள், தரையை வெட்டி டாக்டரின் முதுகுக்காக ஒரு தொட்டி இறக்கினாள், ஸ்டியரிங்கைத் தாழ்த்தினாள். அம்மா ஒரு தரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பச்சை கேட்டப்பவே சொல்லிடலாம்னு நினைச்சேன். அப்பா திட்டுவாருன்னு விட்டுட்டேன்" என்றாள். காபி அப்படியே ஆறிப்போனது.

டாக்டர் கார் எடுக்க வந்த அன்று, கேமராவோடு குழு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெரு முனையிலேயே நின்றுவிட்டார். வண்டியை அங்கே கொண்டுபோக வேண்டும். அண்ணன் ஏறினான். தொட்டிக்குள் அமிழ்ந்துபோய், அவன் கண் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நின்றது, காலும் எட்டவில்லை. அப்பா ஏறவே முயலவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காலை உள்ளே விட்டாள். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது, கதவைச் சாத்த முடியவில்லை. பழைய கதைதான்.

ஆகவே தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார், அண்ணன் தலையைச் சீவிக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னாலிருந்து தள்ளியது அவள். கார் அவ்வளவு தாழ்வானதால் இடுப்பை இரண்டாக மடித்துத் தள்ள வேண்டியிருந்தது. டாக்டர் ஏறி உட்கார்ந்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது. கதவு ஒரே தட்டில் சாத்திக்கொண்டது. அவள் முதுகை நிமிர்த்துவதற்குள் கார் போய்விட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் அப்பா மேலே பார்த்தார். "கொக்கு, அந்த லைட்டு கண்ணடிக்குது பாரு."

"ஏணி ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா. நான் இனிமே வரலை."

அப்பா எண்ணெய்க் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். "போ. ஏணி சோறு கேக்காது. பந்தயத்துல ஓட்டணும்னும் கேக்காது."

அவள் ஊர் மறுகோடியில், பஸ்களுக்குத் தகடு அடிக்கும் ஒரு கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வாரம் தன் வெல்டிங் கண்ணாடியை எடுத்துப் போக வந்தபோது வாசலில் குனிந்து நுழைந்தாள். பட்டறை நடுவில் புத்தம் புது அலுமினிய ஏணி விரித்து நின்றது. பிளாஸ்டிக் உறையைக்கூடக் காலிலிருந்து உரிக்கவில்லை. அப்பா அதன் உச்சிப் படியில் நின்று டியூப்லைட்டைத் திருகிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் கோடு அவர் தலையைத் தாண்டிய வருடத்திலிருந்து அவர் அவளை மேலிருந்து பார்த்ததில்லை.

அவர் அவசரப்படவில்லை. விளக்கை மாட்டி முடித்தபிறகும் அங்கேயே நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுடைய உச்சந்தலையைப் பார்த்தார். அவள் பொருத்திய எந்தக் காருக்கும் அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி வந்ததில்லை.

"பாத்தியா" என்றார். "எனக்கு எட்டுது."