வெள்ளிக்கிழமைகளில் வளரும் தூண்

மாதாப்பூர் அலுவலகத்தின் நடுக்கூடத்தில் தொங்கும் டிவிக்கு முன்னால், கையிலிருந்த டீயில் ஆடை படிவதுகூடத் தெரியாமல் ஜகதீசன் நின்றுகொண்டிருந்தார். டிவியில் மூன்று பச்சைத் தூண்கள். சுனில் என்று எழுதியிருந்தது முழங்கால் உயரம். ஸ்டெல்லா என்று எழுதியிருந்தது இடுப்பளவு. ஜகதீசன் என்று எழுதியிருந்ததோ, மேலே இருந்த கம்பெனி பெயரை முட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தூண் அப்படியே இருந்தது. கம்பெனியில் இன்னொரு ஜகதீசன் இருக்கிறானா என்று யோசித்தார். ஹைதராபாத் கிளையில் விற்பனைக்கு இருப்பதே மூன்று பேர். இவர்தான் ஜகதீசன்.

அந்த மாதம் தாம் விற்றது என்னவென்று அவருக்கா தெரியாது? அல்வாலில் ஒரு தனி வீடு. அதுவும் அந்த வீட்டம்மாள் தானே போன் செய்து, தானே விலை கேட்டு, தானே சரியென்று சொல்லி வாங்கியது. இவர் செய்ததெல்லாம் நடுநடுவே "ஆமாம்மா" என்றதுதான்.

கம்பெனி விற்பது தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம். இந்த ஊர் போர்த் தண்ணீரின் மகிமை எல்லோருக்கும் தெரியும். பக்கெட்டில் வெள்ளை படியும், ஷவரின் கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும், குடிவந்த ஆறாம் மாதம் பெண்கள் சீப்பைப் பார்த்து அழுவார்கள். "ஊர்க்காரங்க தலைமுடியிலதான் நம்ம சோறு" என்பாள் ஸ்டெல்லா. அவள் விற்கப் பிறந்தவள். அபார்ட்மெண்ட் சொசைட்டி செயலாளர் மறுக்க வாயைத் திறப்பதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவாள். சுனில் சின்னப் பையன், சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. ஜகதீசன் கிளை திறந்த நாளிலிருந்து இருப்பவர். அவரிடம் வாங்கியவர்கள் ஏராளம், ஆனால் எல்லாம் பழைய கதை. புது அபார்ட்மெண்ட் காவலாளிகளுக்கு அவர் முகமே தெரியாது.

மேனேஜர் தமிழ்ச்செல்வன் கோயம்புத்தூர்க்காரர். ஜகதீசனின் வயதில் பாதி, மரியாதையில் இரண்டு மடங்கு. காலாண்டு தொடங்கியபோது எல்லோரையும் கூட்டி, சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "மூணு பேர் எதுக்குன்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. காலாண்டு முடியறப்ப கடைசில யார் நிக்கறாங்களோ, அவிங்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிக்கலாமுங்க." அவ்வளவு இனிமையாக ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று மற்றவர்கள் வியந்துகொண்டிருக்க, ஜகதீசன் மட்டும் மனதுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் வர்ஷினி இன்ஜினியரிங் கடைசி வருஷம். இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

யார் கடைசி என்று பார்க்கத்தான் டிவி வந்தது. பில் போடுவதெல்லாம் சென்னையில். அந்தக் கணக்கு இங்கே வந்து சேர்வதற்குள் பருவம் மாறிவிடும். சிஆர்எம் என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் பேர், ஊர், விற்பனை முடிந்ததா இல்லையா என்று எல்லாவற்றையும் மூன்று பேரும் அதில்தான் போட்டு வைப்பார்கள். அதைக் கிளவுடில் கணக்குகளைச் சேர்த்துவைக்கும் வேர்ஹவுஸோடு இணைத்துவிட்டால் கணக்கு தானாக டிவியில் ஓடும் என்று சொன்னது உஷா. திருநெல்வேலிப் பெண், அலுவலக நிர்வாகம் பார்ப்பவள், கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. வேலை நிரந்தரமாகும் ஆசையில், மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு வரி கோட் எழுத வேண்டாமாம். திரையில் ஒரு பெட்டி, பக்கத்தில் இன்னொரு பெட்டி, நடுவே ஓர் அம்புக்குறி. இங்கே ஏதாவது நடந்தால் அங்கே ஒரு வரி சேரும். யார் எதைத் திறக்கலாம் என்று பூட்டுப் போடத் தெரியாததால், எல்லோரும் எல்லாவற்றையும் திறக்கும்படி விட்டுவிட்டாள். வேர்ஹவுஸ் என்றதும் ஜகதீசன், "அப்ப பாலாநகர் கோடவுன காலி பண்றமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஏனென்று தெரியாவிட்டாலும் அவரும் சிரித்துவைத்தார்.

அன்றிலிருந்துதான் இந்தத் தூண் வளர ஆரம்பித்தது.

மாரெட்பள்ளி வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, மனைவி கமலம் கீரை ஆய்வதை நிறுத்தாமல் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"நீங்களா?"

"ஏன், நான் விக்க மாட்டனா? டிவியிலயே போட்டிருக்கான்."

"டிவியில ஆயிரம் போடுவான். யாருக்கு வித்தீங்க? பேர சொல்லுங்க."

அல்வால் அம்மாளைத் தவிர ஒரு பேரும் இல்லை. அதுதான் அவரைக் குடைந்தது. முதல் வாரம் தவறு என்று நினைத்தார். இரண்டாம் வாரம் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். மூன்றாம் வாரம், தவறு தம்மிடம்தான் என்ற சந்தேகம் வந்துவிட்டது. விற்றுவிட்டு மறந்துபோகிறோமோ? "கமலா, நேத்து சாயந்திரம் நான் எங்க போனேன்?" என்று ஒருநாள் கேட்டுவைக்க, அந்தம்மாள் பயந்துபோய்ப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். சரியாகச் சொன்னார். பிரதமர் யார் என்று கேட்டார். அதையும் சொன்னார். "உங்க கம்பெனில போன மாசம் யார் ஃபர்ஸ்ட்?" என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிக்கியிருப்பார்.

ஆனால் மனுஷன் மனசு இருக்கிறதே, நல்லதாகச் சொன்னால் எதையும் நம்பிவிடும். நான்காம் வாரம் மீசைக்கு மை ஏறியது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை வந்தது. வீட்டுச் சந்தில் அவர் நடந்துபோனால் செருப்புச் சத்தமே வேறாகக் கேட்டது. வருஷக்கணக்காகத் தாம் போட்டுவைத்த வார்த்தைகள் இப்போதுதான் முளைக்கின்றன என்று தமக்குத்தாமே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டார்.

நீலச் சட்டையோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் சுனில் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். தாத்தா காலத்திலிருந்தே லாலாகூடா ரயில்வே குடியிருப்புதான். தமிழ் பேச வரும், எழுத வராது.

"கைக்கு அங்கிள், ஏன் இப்டி? எல்லார்க்கும் டீ வாங்கித் தர்றீங்க, டெக்னிக் மட்டும் சொல்ல மாட்றீங்க."

"டெக்னிக்கெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"எந்தெந்த அபார்ட்மெண்ட் அங்கிள்? நான் உங்க கஸ்டமர தொட மாட்டேன், பிராமிஸ். சும்மா எப்டி பேசறீங்கன்னு பார்க்கிறேன்." குரலைத் தாழ்த்தினான். "லாஸ்ட்ல நிக்கிறேன் அங்கிள். வேலை போச்சுன்னா பொண்ணு வீட்ல ஷாதி நக்கோன்னு சொல்லிடுவாங்க. மண்டபம்கூட புக் ஆயிடுச்சு."

ஜகதீசன் மேஜையில் கிடந்த பேனாவை நகர்த்திவைத்தார். "பழைய தொடர்புப்பா," என்றார். "மனுஷாள மதிச்சா போதும்." சொன்ன மறுநிமிஷமே அந்த வார்த்தை அவருக்கே பிடிக்கவில்லை. எழுந்து போய்த் தேவையில்லாமல் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மீசை மை கர்சீப்பில் ஒட்டியது.

காலாண்டின் கடைசி நாளும் வெள்ளிக்கிழமையாகவே வாய்த்தது. சாப்பாட்டுக்குப் பிறகு டிவியைப் பார்த்து முடிவு சொல்வதாகத் தமிழ்ச்செல்வன் சொல்லியிருந்தார். காலையில் ஜகதீசன் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே உஷா வந்து பக்கத்தில் நின்றாள். முகம் சரியில்லை.

"சார், ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. வெள்ளிக்கிழம காலையில சிஆர்எம்ல என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யலியேம்மா."

"உங்க தூண் வெள்ளிக்கிழமதான் சார் வளருது. நேத்துதான் கவனிச்சேன். மத்த நாள் சும்மா கெடக்கு."

ஜகதீசன் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு ஒரு வாடிக்கையாளர் பேரைத் திறந்து காட்டினார். ஏ.எஸ். ராவ் நகர் ராகவ ரெட்டி. கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில், எல்லாவற்றுக்கும் முதலில், ஒற்றை எழுத்து: உ. "பிள்ளையார் சுழிம்மா. எல்லாருக்கும் போடுவேன். வாரத்துக்கு ஒருக்கா பழச அழிச்சிட்டு புதுசு போடுவேன். சாமிக்கு வாடின பூவ எடுத்துட்டு வேற வெக்கிறதில்லியா, அந்த மாதிரி. இந்த ஒரு எழுத்துக்காகத்தான் வர்ஷினி தமிழ் ஏத்திக் குடுத்தா."

உஷா அந்த உகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எதத் தொட்டு சேவ் கொடுத்தாலும் அது புது வரின்னு அங்க போய்ச் சேந்துக்கிடுது சார். ஏற்கெனவே இருந்தா மாத்து, புதுசா சேக்காதேன்னு ஒரு டிக் போடணும். நான் போடல. எனக்குத் தெரியல. இந்த ரெட்டி சார் இந்தக் காலாண்டுல மட்டும் வாராவாரம் வாங்கியிருக்காரு."

"அவர் போய்ச் சேந்துட்டாரேம்மா. போன வருஷம். நான் காரியத்துக்குப் போனேன்."

இருவரும் செத்துப்போன ரெட்டியின் பேரைப் பார்த்தார்கள். வாராவாரம் வந்து இயந்திரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், பாவம்.

"அப்ப நெஜமா நான் எத்தன?" என்று ஜகதீசன் கேட்டார்.

உஷா விரலைக் காட்டினாள். அதிக விரல்கள் தேவைப்படவில்லை. சுனில் அதைவிட மேல். ஸ்டெல்லா எங்கேயோ மேல்.

"இப்ப டிக் போட்டா எல்லாம் சரியாயிரும் சார். ஆனா நீங்க..." நிறுத்தினாள். "போடலன்னா சுனில் போகணும். போட்டா நான் இத்தன நாள் தப்புக் கணக்கு காட்டினதும் தெரிஞ்சுரும். எனக்கு ஒண்ணும் ஓடல சார். நீங்களே சொல்லுங்க." எழுந்து தன் இடத்துக்குப் போய், மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜகதீசனுக்கு முதலில் வந்தது கோபமோ வருத்தமோ அல்ல, நிம்மதி. அப்பாடா, மறதி இல்லை. அடுத்த நொடியே நீலச் சட்டை உடம்பில் இறுகியது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சுனில் யாரிடமோ போனில் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தான். திரையில் விரல் வழக்கமான இடத்துக்குப் போய் நின்றது. தம் வாடிக்கையாளர்களைத் திறக்காமல், ஏனென்று தமக்கே புரியாமல், சுனில் என்ற பேரைத் திறந்தார். கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். முதல் பேரில் உ போட்டார். சேவ். அடுத்த பேர். உ. சேவ்.

பட்டியல் சீக்கிரம் தீர்ந்துபோனது. எட்டி நடுக்கூடத்தைப் பார்த்தார். சுனிலின் தூண் கொஞ்சம் எழும்பியிருந்தது, போதவில்லை. திரும்ப முதலிலிருந்து அழித்து, மறுபடி போட்டார். சுனில் ஸ்டெல்லாவைத் தாண்டினான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இப்போது கடைசியில் நிற்பது ஸ்டெல்லா. ஐயோ என்று அவசரமாக ஸ்டெல்லாவைத் திறந்தார். அந்தப் பெண்தான் நிஜமாக விற்றவள், இது பெரிய பாவம். அவளுக்குப் போட்டுக்கொண்டே போனதில் அவள் தூண் இவருடையதையும் தாண்டிக் கம்பெனி பெயரை இடித்தது. இவர் நடுவில் வந்துவிட்டார், சுனில் மறுபடி கடைசி. அவனுக்குக் கொஞ்சம் போட்டார். அப்படியானால் இவர் கடைசியா? ரெட்டி ஐயாவைத் திறந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு சுழி போட்டார்.

கையில் காபிக் கோப்பையோடு தமிழ்ச்செல்வன் டிவிக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் ஸ்டெல்லாவும் சுனிலும், கோயிலில் திரை விலகும்போது நிற்பதைப் போல நின்றிருந்தார்கள்.

"என்னங்க இது, இன்னிக்கு ஒரே நாள்லயா?" என்றார் தமிழ்ச்செல்வன்.

"ஊரு முழுக்க உப்புத் தண்ணி சார்," என்றாள் ஸ்டெல்லா, கண்ணை எடுக்காமல். "இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு போல."

உஷாவின் கை இன்னும் மவுஸின் மேல்தான் இருந்தது. ஜகதீசன் நிமிரவில்லை. யார் முன்னால், யார் கடைசி என்பது அவருக்கு எப்போதோ தப்பிப்போயிருந்தது. அழித்தார், போட்டார், சேவ் கொடுத்தார். டிவியில் மூன்று தூண்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறி மேல்விளிம்பைத் தொட்டன. இனிமேல் இடமில்லை என்றதும், டிவி தானாகவே மூன்றையும் முழங்கால் உயரத்துக்குச் சுருக்கி நிறுத்தியது. பிறகு அவை மறுபடியும், ஒரே மாதிரி, வளர ஆரம்பித்தன.